உங்கள் உலாவிக்கு ஆதரவு இல்லை

"டீச்சர், தப்பு நம்ம பக்கம் இல்ல," என்றார் திருமேனி. "ஆளுங்கதான் சரியில்ல."

ஜெசிந்தா டீச்சர் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம்?"

"நான் செஞ்ச பக்கம். கண் வண்டிப் பக்கம்."

"சரி."

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. பத்தொம்பது பேருதான் பேரு போட்டிருக்காங்க. அதுல ஏழு பேரு சங்கத்து ஆபீஸ்காரங்க. சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள நூறு பேரு சேரலன்னா வண்டி வேற ஊருக்குப் போயிரும்."

"சரி."

"சரி சரின்னா எப்படி டீச்சர்?"

அவள் டீயை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

தூத்துக்குடியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிறது அந்த மாடி அறை. ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, ஒரு பனையோலைப் பெட்டி. அங்கே உட்கார்ந்துகொண்டுதான் ஜெசிந்தா இன்டர்நெட்டில் பக்கங்கள் செய்கிறாள். முன்னால் எங்கேயோ கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்திருக்கிறாள். அதனால் ஊருக்கே டீச்சர்.

டீச்சருக்கு வயசு முப்பத்திரண்டு. சிஷ்யர் திருமேனிக்கு நாற்பத்தேழு, காதோரம் நல்ல நரை. மாடிக்குப் புதிதாக ஏறி வருகிறவர்கள் அவரைப் பார்த்துத்தான் முதலில் வணக்கம் சொல்வார்கள். அவர் டீச்சரைக் கை காட்டிவிடுவார்.

இருபது வருசம் சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தவர் அவர். அவர் செய்கிற பக்கம் ஆடும், விரியும், விரல் பட்டால் வழுக்கும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஊருக்குத் திரும்பி வந்தபின்தான் ஒரு சங்கதி அவர் காதில் விழுந்தது. சைக்கிள் கடை மாடியில் ஒரு பெண் செய்கிற பக்கம் எந்தப் போனில் போட்டாலும் திறக்குமாம். ஓட்டைப் போன், உடைசல் போன், எதுவானாலும்.

கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஏறி வந்தார்.

முதல் நாள் டீச்சர் ஒன்றும் கற்றுத்தரவில்லை. ஓலைப்பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே பழைய போன்கள். எண்ணிப் பார்த்தார், இருபத்துமூன்று.

ஒன்றை எடுத்து, "இது எந்த மாடல் டீச்சர்?" என்றார்.

"அது ஆரோக்கியம் அக்கா."

பின்பக்கம் பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேனாவால் எழுதியிருந்தது: ஆரோக்கியம். யாருடைய போனோ அவர்கள் பேர். இன்னொன்றில் மரியதாஸ். இன்னொன்றில் பால்பாண்டி.

திருமேனி சிரித்துவிட்டார். டீச்சர் சிரிக்கவில்லை.

அது நடந்து நாலு மாசம்.

*

உப்பளப் பெண்கள் சங்கம்தான் இந்த வேலையைக் கொடுத்தது.

உப்பளத்தில் வெயில் மேலேயிருந்து மட்டும் அடிக்காது. கீழே கிடக்கிற உப்பும் திருப்பி அடிக்கும். இருபது வருசம், முப்பது வருசம் அதில் நின்ற கண் என்னவாகும்? புரை விழுந்த கண்களோடுதான் பாதிப் பேர் கூடை சுமக்கிறார்கள். வெளியூரிலிருந்து கண் டாக்டர்களோடு ஒரு வண்டி வர ஒத்துக்கொண்டது. நூறு பேர் முன்கூட்டியே பேர் போட வேண்டும், எந்தக் கண், எந்த நேரம் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பக்கம்.

"நான் செய்யறேன் டீச்சர்," என்று திருமேனி கேட்டு வாங்கிக்கொண்டார்.

செய்தார். பக்கத்தைத் திறந்தால் ஒரு பெரிய கண் மெதுவாக இமை திறக்கும். நேரம் குறிக்க ஒரு சக்கரம், விரலால் சுழற்றலாம். பதினோரு நாள் உழைப்பு.

டீயைக் குடித்துவிட்டு அவர் மறுபடியும் ஆரம்பித்தார்.

"நாலு உலாவியில பாத்துட்டேன் டீச்சர். நாலுலயும் பிரமாதமா ஓடுது."

இன்டர்நெட் பக்கத்தைத் திறந்து காட்டுகிற சாமானை இங்கிலீஷில் பிரவுசர் என்பார்கள். தமிழில் உலாவி. சங்கத்துச் செயலாளர் கறார் பேர்வழி, பக்கத்தில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தாள். அதனால் திருமேனியும் உலாவி, உலாவி என்றே பேசிப் பழகிவிட்டார்.

"நாலுலதானா?" என்றாள் டீச்சர்.

"புதுசு நாலு. பழசுக்கும் வழி பண்ணிருக்கேன். பழைய போனு வந்தா பக்கம் திணறாது. மரியாதையா ஒரு வரி மட்டும் வரும்."

"என்ன வரி?"

அவர் பெருமையாக வாசித்தார். "உங்கள் உலாவிக்கு ஆதரவு இல்லை. மாற்றிக்கொண்டு மீண்டும் வரவும்."

டீச்சர் அந்த வரியை ஒரு தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"எங்க டீச்சர்?"

"வாங்க அண்ணாச்சி. கொஞ்சம் உலாத்திட்டு வருவோம்."

*

உப்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. விடியுமுன்னே வேலைக்கு இறங்கிய பெண்கள் கொட்டகை நிழலில் தூக்குவாளியைத் திறந்து வைத்திருந்தார்கள். சுற்றிலும் பாத்தி பாத்தியாக வெள்ளை. அதற்கு நடுவே அம்பாரம் அம்பாரமாக வெள்ளை.

"உங்க பக்கத்தைத் திறங்க," என்றாள் டீச்சர்.

திருமேனி தன் போனை எடுத்தார். நல்ல விலை போன். வெயிலில் நின்று பார்த்தால் கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது. கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். கண் திறந்தது மங்கலாகத் தெரிந்தது. எழுத்தெல்லாம் இளஞ்சாம்பல் நிறம். சென்னையில் அதுதான் நாகரிகம்.

"தெரியுதா?"

"கொஞ்சம் தெரியுது."

டீச்சர் கையை நீட்டி அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டாள்.

"இப்ப?"

"டீச்சர், கண்ணாடி இல்லாம எனக்குக் கண்ணு தெரியாது."

"கண்ணு தெரிஞ்சவுக எதுக்கு அண்ணாச்சி இதுல பேரு போடணும்?"

கொட்டகைக்குள்ளிருந்து ஒருத்தி சிரித்தாள். ஞானப்பூ என்று பேர். கூடை சுமக்கிறவள், எல்லாருக்கும் முந்திக்கொண்டு பேசுகிறவள்.

"டீச்சர், இவுகதான் அந்தச் சக்கரம் வச்சவுகளா?"

"இவுகதான்."

"நல்லா வச்சிய போங்க. எம் மக போன்ல அரை மணி நேரம் சுத்துதேன், அசைய மாட்டேங்கு. அவ தொட்டா சுத்துது. எங் கைய அது ஆளாவே மதிக்கல."

கையை விரித்துக் காட்டினாள். உப்பில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்து, காய்ந்து, மொட்டையாகியிருந்தது. ரேகை என்று ஒன்றும் மிச்சமில்லை.

திருமேனி தன் போனை நீட்டினார். அவள் தொட்டாள். தேய்த்தாள். சக்கரம் நின்ற இடத்திலேயே நின்றது.

"பாத்தியளா?" என்றாள். "கலெக்டர் ஆபீஸ் வாட்ச்மேன்கூட ரெண்டாவது தடவை உள்ள விட்டிருவான்."

கொட்டகையே சிரித்தது. திருமேனியும் சிரித்து வைத்தார். கண்ணாடி இல்லாததால் யார் யார் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"சந்தனமாரி அக்காவ எங்க காணும்?" என்றாள் டீச்சர். "அவுகளுக்குத்தான கண்ணு ரொம்ப மோசம்."

"அவ ரெண்டு நாளா வேலைக்கு வரல. தாலுகா ஆபீஸ்ல நிக்கா."

"எதுக்கு?"

"சர்டிபிகேட் வாங்க." ஞானப்பூ திருமேனியைத் தாடையால் காட்டினாள். "இவுக பக்கம்தான் கேட்டுச்சாம்."

"என் பக்கம் சர்டிபிகேட் எதுவும் கேக்காதுங்க," என்றார் திருமேனி.

"கேட்டுச்சுங்கா. கண்ணால பாத்தேங்கா. இருக்கிறதே ஒரு கண்ணு, அதுல பொய்யா சொல்லுவா?"

டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

*

தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் வரிசை நின்றது. வரிசையில் ஏழாவதாக ஒரு அம்மா. ஐம்பத்தைந்து வயசிருக்கும். கக்கத்தில் பிளாஸ்டிக் பை, பைக்குள் ரேசன் கார்டு, இன்னும் பல தாள்கள். வலது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. டீச்சரைப் பார்க்க முகத்தை முழுசாகத் திருப்ப வேண்டியிருந்தது அவளுக்கு.

"வா டீச்சர். நீயும் சர்டிபிகேட்டுக்கா?"

"இல்லக்கா. இவுக உங்களப் பாக்கணும்னாக. இவுகதான் அந்தப் பக்கத்தைச் செஞ்சவுக."

சந்தனமாரி சட்டென்று சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"கும்பிடுதேன் சார். கோவிச்சுக்கிடாதிய. இன்னிக்கோ நாளைக்கோ வாங்கிருவேன்."

"எதைம்மா?" என்றார் திருமேனி.

"நீங்க கேட்டதைத்தான்."

"நான் என்ன கேட்டேன்?"

அவள் பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய போன். இடது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அஞ்சாம் வகுப்புப் பிள்ளை வாசிப்பதுபோல் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"உங்கள். உலாவிக்கு. ஆதரவு. இல்லை."

திருமேனி குனிந்து அந்தப் போனைப் பார்த்தார். அவர் எழுதிய வரிதான்.

"வாஸ்தவம்தான் சார். அவுக போயி ஆறு வருசம் ஆச்சு. எனக்கு ஆதரவு இல்லதான். அது இந்தப் போனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு மொதல்ல திடுக்குன்னு இருந்துச்சு. பெறவு யோசிச்சேன். ஆஸ்பத்திரி சமாச்சாரம், எல்லாம் விசாரிச்சுத்தான் வச்சிருப்பாக. ஆதரவற்ற விதவைன்னு சர்டிபிகேட் இருந்தாத்தான் கண்ணு பாப்பாகபோல. அதான் வந்து நிக்கேன்."

"உலாவின்னு போட்டிருக்கே, அது..."

"அது நான்தான். புருசன் இல்லாம அங்கயும் இங்கயும் அலையுதவள வேற எப்படிப் போடுவிய? மத்தவன்னா வேற மாதிரி எழுதியிருப்பான். நீங்க மரியாதையாத்தான் போட்டிருக்கிய."

திருமேனி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாற்றிக்கொண்டு மீண்டும் வரவும்னு இருக்கு," என்றாள் சந்தனமாரி. "அதுதான் வெளங்கல. எதை மாத்தன்னு தெரியாம, மறுநா வேற சேலை கெட்டிக்கிட்டுத் தொறந்து பாத்தேன். அப்பமும் அதேதான் சொல்லிச்சு."

வரிசை ஒரு ஆள் நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். திருமேனியும் கூடவே நகர்ந்தார்.

"சர்டிபிகேட் தந்தாங்களா?"

"எங்க தாறாக. மகன் இருக்கானே, உனக்கு ஆதரவு இருக்குங்காக. அவன் வெளிநாட்டுல கெடக்கான், போன் போட்டு வருசம் ரெண்டாச்சு. நீங்க இல்லைங்கிய, இவுக இருக்குங்காக." முகத்தை அவர் பக்கம் முழுசாகத் திருப்பினாள். "யாரு சொல்லுதது சார் நெசம்?"

இருபது வருச சர்வீசில் திருமேனியிடம் இப்படி யாரும் கேட்டதில்லை.

"அம்மா, அது உங்களச் சொல்லல," என்றார். "உலாவின்னா போனுக்குள்ள இருக்கற ஒரு..."

"யாரு இருக்கா?"

"ஆளு இல்ல. ஒரு சாமான். அது பழசாயிருச்சு. அதைத்தான் அப்படி..."

அவருக்கே அது சரியாகப் படவில்லை. நிறுத்திக்கொண்டார்.

"அதெல்லாம் விடுங்கக்கா. சர்டிபிகேட்டே வேண்டாம். பேரச் சொல்லுங்க, நானே இப்ப எழுதிக்கறேன்."

சந்தனமாரி கொஞ்ச நேரம் யோசித்தாள். தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

"நீங்க நல்லவுகதான் சார். ஆனா வாயால இருக்குங்கிய, எழுத்துல இல்லன்னு கெடக்கு. நாளைக்கு வண்டியில வாறவன் எழுத்தத்தான பாப்பான்? எல்லார் முன்னாலயும் எறங்கிப் போன்னு சொல்லிட்டாம்னா?"

"அப்படிச் சொல்ல மாட்டாங்க."

"எழுத்து கெடக்குல்ல."

"அப்ப நான் என்னக்கா செய்யணும்?"

அவள் போனை மறுபடி ரப்பர் பேண்டுக்குள் நுழைத்து, பைக்குள் வைத்தாள்.

"மாத்திக்கிட்டு மீண்டும் வாங்க," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த மரியாதையான வார்த்தையில் சொன்னாள்.

*

ஸ்கூட்டரில் திரும்பி வந்தார்கள். மாடிப்படி ஏறும்போது திருமேனி கேட்டார்.

"அந்த வரி என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சா டீச்சர்?"

"தெரியாது அண்ணாச்சி. உங்க வரி காதுல விழுந்தப்ப யாரையோ வாசல்லயே நிறுத்துத மாதிரி பட்டுது. அவ்வளவுதான்."

புதன்கிழமை திருமேனி முதலில் அந்த வரியை அழித்தார். பிறகு கண்ணை எடுத்தார். எடுத்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"கண்ண எடுத்துட்டேன் டீச்சர்."

"எங்க வச்சிய?"

"தனியா வச்சிருக்கேன்."

"பத்திரமா இருக்கட்டும். நல்ல கண்ணு."

சக்கரம் போனது. அந்த இடத்தில் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வரி, ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம். சாம்பல் எழுத்து போனது, கன்னங்கரேல் என்று எழுத்து வந்தது. பேர், எந்தக் கண், எந்த நேரம், ஒரு பட்டன். வேறு ஒன்றும் இல்லை. சென்னைக் கூட்டாளிகள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்தார். அப்புறம் ஓலைப்பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பூராவும் அவர் பேச்சு இப்படித்தான் இருந்தது.

"ஆரோக்கியம் அக்கா திறந்துட்டாங்க டீச்சர்."

"நல்லது."

"மரியதாஸ் அண்ணன் கொஞ்சம் யோசிச்சார். அப்புறம் திறந்துட்டார்."

"அவரு எப்பமும் அப்படித்தான்."

"பால்பாண்டிதான் படுத்தறான். எல்லாம் சரியா வருது, பட்டனத் தொட்டா முழிக்கறான்."

டீச்சர் தன் வேலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பட்டன் வச்சிருக்கியளா, பட்டன் மாதிரி படம் வரைஞ்சிருக்கியளா?"

திருமேனி பார்த்தார். பட்டன் மாதிரிதான் இருந்தது. அழகான நிழல், உருண்ட ஓரம். ஆனால் அது பட்டன் இல்லை. வெறும் கட்டத்துக்குச் சட்டை மாட்டி நிறுத்தியிருந்தார். புதுப் போன்கள் அவர் முகத்துக்காக அதைப் பட்டன் என்று ஒத்துக்கொண்டிருந்தன. பால்பாண்டிக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை.

நிஜப் பட்டனை வைத்தார். பார்க்கச் சுமாராக இருந்தது. பால்பாண்டி உடனே கேட்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே பக்கத்தை ஊருக்குத் திறந்துவிட்டார்கள். இருபத்தாறு, முப்பத்தெட்டு, ஐம்பத்தொன்று என்று பேர் ஏறியது. ஞானப்பூ தன் விரலாலேயே போட்டுவிட்டு ஆள் அனுப்பினாள், இப்பத்தான் கைய மதிக்கு என்று.

வெள்ளிக்கிழமை திருமேனி தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"டீச்சர், ஒரு ஆசை. புதுப் போன் வச்சிருக்கவங்களுக்கு மட்டும் அந்தக் கண்ணு சிமிட்டலாமா?"

"எப்ப சிமிட்டும்?"

"திறந்த உடனே..."

டீச்சர் ஓலைப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேரு போட்டப்புறம்," என்று அவரே மாற்றிக்கொண்டார். "சிமிட்டலன்னாலும் பேரு நிக்கும்."

"அப்ப நல்லாச் சிமிட்டட்டும்," என்றாள் டீச்சர். "ரெண்டு தடவ சிமிட்டட்டும்."

அன்று சாயங்காலம் இருபத்துமூன்று போன்களையும் மேசைமேல் வரிசையாக அடுக்கினார். எல்லாவற்றிலும் பக்கம் திறந்திருந்தது. திருமேனி பரீட்சை எழுதி முடித்த பிள்ளைபோல் நின்றார்.

"இருபத்துமூணும் திறந்துட்டு டீச்சர்." நாலு மாசத்தில் அவர் நாக்கும் ஊருக்குத் திரும்பியிருந்தது.

"இருபத்துநாலாவது?"

"பெட்டியில இருபத்துமூணுதான இருக்கு?"

டீச்சர் காலிப் பெட்டியைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்தாள். தட்டினாள். ஒன்றும் விழவில்லை. அப்படியே வைத்துவிட்டு, சர்ச்சுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

கவிழ்ந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு, அதில் இல்லாத போன் ஊரில் இன்னும் எத்தனை என்று யோசித்தபடி திருமேனி உட்கார்ந்திருந்தார். கீழே சைக்கிள் கடைக்காரர் ஷட்டரை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, பட்டனுக்கு மேலே, மற்ற எழுத்தைவிட ஒரு சுற்றுப் பெரிசாக, ஒரு வரி எழுதினார். வரிக்குக் கீழே ஒரு போன் நம்பர் போட்டார்.

அவருடைய சொந்த நம்பர்.

*

சனிக்கிழமை காலை பத்தரைக்கு நூறு தாண்டியது.

சங்கத்துச் செயலாளர் போன் போட்டாள். வண்டி உறுதி, பன்னிரண்டு மணிக்குப் பட்டியலை மூடி அனுப்ப வேண்டும், அதற்கப்புறம் ஒரு பேர்கூடச் சேர்க்க முடியாது என்றாள்.

டீச்சர் ரெண்டு டம்ளரில் டீ ஆற்றினாள். திருமேனி டீயைத் தொடவில்லை. பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். ச வரிசையை மட்டும் தனியாகப் பார்த்தார்.

"அவங்க பேரு இல்ல டீச்சர்."

"ம்."

"நூத்தி ஏழு பேரு இருக்கு. அவங்க பேரு இல்ல."

"ம்."

"நானே போட்டுரட்டுமா?"

"அவுக என்ன சொன்னாக?"

திருமேனி உட்கார்ந்தார். எழுந்தார். இன்று சனிக்கிழமை, தாலுகா ஆபீஸ் கிடையாது. அவள் வீடு எந்தத் தெரு என்று ஞானப்பூவிடம் கேட்டு ஓடலாம். ஓடிப் போய் என்ன சொல்ல? வாயால்தானே சொல்ல முடியும்.

பதினொன்று ஆயிற்று. பதினொன்றேகால்.

டீ ஏடு படிந்தது.

பதினொன்று முப்பத்தைந்துக்கு அவர் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"யாரு?" என்றது ஒரு குரல்.

"திருமேனி பேசுதேன்."

"கண் வண்டிக்காரவுகதான?"

"ஆமாக்கா. சொல்லுங்கக்கா."

"உங்க பக்கம் போன தடவ சொன்னத இப்ப சொல்லல. எழுத்தெல்லாம் நல்லாப் பெருசா வருது. பேரு போட்டேன். பட்டன அமுக்குனேன். போவ மாட்டேங்கு. நாலு தடவ அமுக்கிட்டேன்."

"பரவாயில்லக்கா."

"பெறவுதான் மேல வாசிச்சேன். இருங்க, வாசிக்கேன்." போன் காதைவிட்டு விலகிப் போகிற சத்தம். தூரத்தில் எழுத்துக் கூட்டுகிற குரல். "பெயர். போகவில்லை. என்றால். தவறு. எங்கள். பக்கம். கூப்பிடுங்கள்."

குரல் பக்கத்தில் வந்தது.

"நெசமாவா?"

"நெசந்தான்க்கா."

"எழுத்துலயே போட்டிருக்கிய."

"ஆமாக்கா."

"யாரு எழுதுனா?"

"நான்தான்."

அந்தப் பக்கம் பிளாஸ்டிக் பையை ஓரமாக வைக்கிற சரசரப்பு கேட்டது.

"அப்ப எழுதிக்கோ தம்பி," என்றாள். "சந்தனமாரி. வலது கண்ணு."